ஆயுதம் வரும், சாவி வராது: இன்றைய போர், இராணுவ உதவி, நாட்டின் கணினி வலை

இலங்கையின் வடக்கே வன்னியில் போரின் கடைசி வருடங்களில் இருந்தவர்களுக்கு ‘வண்டு’ என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: அது படையினரின் ஆளில்லா வேவு விமானம். வானத்தில் எங்கோ ஒரு ரீங்காரம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான். சத்தம் கேட்டதும் அம்மாமார் அடுப்பை நூர்ப்பார்கள், கொடியில் காயும் வெள்ளைச் சேலையை உருவி உள்ளே எறிவார்கள், பிள்ளைகளைப் பங்கர் வாசலுக்குக் கூப்பிடுவார்கள். வண்டு குண்டு போடாது. ஆனால் அது வட்டமடித்துப் போன இடத்துக்குக் கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும், அல்லது கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அண்மைக்காலச் செய்தி ஒன்றைப் பார்க்கலாம். 2025 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கா உக்ரேனுக்கான இராணுவ உதவியை இடைநிறுத்தியது. இரண்டு நாளில் உளவுத் தகவல் கொடுப்பதையும் நிறுத்தியது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரண்டும் மீண்டும் தொடங்கிவிட்டன. ஆனாலும் பலருக்கு ஒரு குழப்பம் மிஞ்சியது. ஆயுதம்தான் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதே, தகவல் வராவிட்டால் என்ன? வண்டை நினைத்தால் பாதி விடை வந்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் அடியிலிருந்து வரவேண்டும்.

போரில் மூன்று வேலைகள்

எந்தப் போரிலும் மூன்று வேலைகள் நடக்கின்றன.

1. காண்பது: எதிரி எங்கே, எத்தனை பேர், எந்தப் பக்கம் நகர்கிறார்கள்.
2. சொல்வது: கண்டதை அடிக்கக்கூடியவனுக்குச் சரியாக, பிந்தாமல் சேர்ப்பது.
3. அடிப்பது.

முன்பு இவை மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நடந்தன. மரத்தில் ஏறிப் பார்த்தவனும் வோக்கியில் சொன்னவனும் மோட்டார் பீரங்கிக்குப் பக்கத்திலேயே இருந்தான். இன்று காண்பது செயற்கைக்கோளும் ட்ரோனும். சொல்வது இணையம். அடிப்பவன் பல கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு நிலக்கீழ் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றுக்கும் நடுவில் கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே ஒரு படையைச் செயலிழக்க வைக்க அதன் பீரங்கியை உடைக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் இருக்கும் ‘சொல்வதை’ அறுத்தாலே போதும். அமெரிக்கா கொடுத்த எக்ஸ்காலிபர் ஷெல்கள் ஜிபிஎஸ் வழிகாட்டலில் பறந்து சொன்ன இடத்தில் விழக்கூடியவை. ரஷ்யா ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்பத் தொடங்கியதும் அவற்றின் குறி தவறியது. அதே குழப்பலிலிருந்து தப்பத்தான் இப்போது இரு தரப்பும் கண்ணாடி இழையை நூல் மாதிரிப் பின்னால் விட்டுக்கொண்டு பறக்கும் ட்ரோன்களைப் பயன்படுத்துகின்றன. வானலை இல்லாவிட்டால் குழப்புவதற்கும் ஒன்றுமில்லை. எவ்வளவு புதிய போரும் ஒரு கட்டத்தில் கம்பிக்குத் திரும்பிவிடுகிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இராணுவ உதவி என்பதற்குள் என்னென்ன

‘உதவி’ என்ற சொல் இலவசம் என்ற எண்ணத்தைத் தருகிறது. அதற்குள் பல வகை உண்டு. மானியம் ஒன்று. அமெரிக்கா 2016இல் செய்த உடன்பாட்டின்படி இஸ்ரேலுக்கு 10 வருடத்தில் 38 பில்லியன் டொலர் கொடுக்கிறது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க நிறுவனங்களிடம் ஆயுதம் வாங்கவே செலவாகிறது. இரண்டாவது, கொடுப்பவரின் களஞ்சியத்தில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது. உக்ரேனுக்கு இப்படி நிறையப் போனது. மூன்றாவது, கடனுக்கும் சலுகை விலைக்கும் விற்பது. நான்காவது வகை தலைப்புச் செய்தியில் அதிகம் வராது: பயிற்சி, பராமரிப்பு, உதிரிப்பாகம், மென்பொருள், தகவல். இன்றைய போரில் கனம் இந்த நான்காவதில்தான் இருக்கிறது.

நம் போரிலேயே இது தெரிந்தது. கிபிர் இஸ்ரேலில் செய்தது, மிக்-27 உக்ரேனிலிருந்து வந்தது, எஃப்-7 சீனாவினது. இவற்றின் பெயரும் சத்தமும் வன்னிச் சிறுவர்களுக்கே தெரிந்திருந்தன. ஆனால் கண்காணிப்புக்கென்று வந்த உதவி யாருடைய கண்ணிலும் படவில்லை. 2007 இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் மனித உரிமை நிலையைக் காரணம் காட்டி இலங்கைக்கான இராணுவ உதவியைக் கட்டுப்படுத்தியது. அதே சட்டத்தில் கடல், வான் கண்காணிப்புக்கும் தொடர்பாடலுக்குமான கருவிகளுக்கு விலக்கும் கொடுத்தது. அடிப்பதற்கான உதவிக்குத் தடை, காண்பதற்கும் சொல்வதற்குமான உதவிக்குத் தடையில்லை. வண்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

வவுனியாவில் நடந்தது இன்னும் தெளிவானது. 2007 மார்ச் 26 அதிகாலை விடுதலைப் புலிகளின் இலகு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அந்தக் காலத்தில் வான் கண்காணிப்புக்கு இலங்கையிடம் இருந்தவற்றுள் இந்தியா கொடுத்த இந்திரா ராடர்களும் அடக்கம். 2008 செப்டம்பர் 9 அன்று வவுனியாப் படைத் தலைமையகம் தாக்கப்பட்டபோது, அங்கே ராடரோடு வேலை செய்துகொண்டிருந்த இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் காயமடைந்தனர். இப்படியானவர்கள் அங்கே இருப்பதே பொதுமக்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ராடர் ஒரு பெட்டியில் வந்து இறங்கிவிட்டுப் போகும் சாமான் அல்ல. அதை ஓட்ட, பழுது பார்க்க, திருத்த அதைக் கொடுத்தவரின் ஆள் கூடவே வரவேண்டும். இன்று அந்த ஆளின் இடத்தில் பல வேளைகளில் ஒரு மென்பொருள் இருக்கிறது. அது காயப்படாது, செய்தியிலும் வராது.

சாவி யார் கையில்

உதவியாக வந்த ஆயுதத்தின் சாவியைக் கொடுத்தவர் பல விதமாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அனுமதி. ஜேர்மனி உக்ரேனுக்குக் கொடுத்த கெப்பார்ட் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான ரவைகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவற்றை உக்ரேனுக்கு அனுப்ப 2022இல் ஜேர்மனி கேட்டபோது, தன் நடுநிலைமையைச் சொல்லி சுவிஸ் மறுத்துவிட்டது. பீரங்கி ஒருவருடையது, ரவை இன்னொருவருடையது. அமெரிக்காவின் அட்டாகம்ஸ் ஏவுகணைகளும் இப்படித்தான். அவை உக்ரேனின் கையில் இருந்தன. ஆனால் ரஷ்ய மண்ணுக்குள் ஏவுவதற்கு அனுமதி 2024 நவம்பரில்தான் கிடைத்தது.

இரண்டாவது, தகவல். 2025 மார்ச்சில் நின்றது இது. தூர வீச்சு ஏவுகணைக்கு எங்கே விழவேண்டும் என்ற இலக்கத்தை யாராவது கொடுக்க வேண்டும். பறந்து வரும் எதிரி ஏவுகணையைப் பற்றி முன்கூட்டி எச்சரிக்கவும் ஒரு செயற்கைக்கோள் வேண்டும். அந்த நாட்களில் அமெரிக்க அரசின் திட்டம் ஒன்றின் ஊடாக உக்ரேனுக்குக் கிடைத்துவந்த வணிகச் செயற்கைக்கோள் படங்களும் சேர்ந்தே நின்றன.

மூன்றாவது சாவி அரசாங்கத்திடம்கூட இல்லை. உக்ரேனியப் படை முன்னரங்கில் பேசுவதும் ட்ரோன் படங்களை அனுப்புவதும் பெரும்பாலும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வழியாக. அது ஒரு தனியார் நிறுவனம். 2022இல் கிரிமியாவுக்கு அருகே அந்தச் சேவையைத் திறந்துவிடும்படி கேட்கப்பட்டபோது தான் மறுத்ததாக அதன் உரிமையாளர் ஈலோன் மஸ்க் பிறகு தானே சொன்னார். 2025 யூலை 24 அன்று நிறுவனத்தின் உள்ளேயே ஏற்பட்ட மென்பொருள் கோளாறால் உலகம் முழுவதும் சேவை ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் நின்றது. முன்னரங்கு முழுவதும் தொடர்பு போய்விட்டதாக உக்ரேனின் ட்ரோன் படைத் தளபதி அறிவித்தார். எதிரி ஒன்றும் செய்யவில்லை. யாரும் தண்டிக்கவும் நினைக்கவில்லை. ஒரு மென்பொருள் பிழை, அவ்வளவுதான். அதே ஸ்டார்லிங்க் அந்த மாதம்தான் இலங்கையிலும் சேவையைத் தொடங்கியிருந்தது.

கணினி வலையை எப்படி அடிப்பார்கள்

சரி, இது படைகளின் கதை. பொதுமக்கள் பாவிக்கும் கணினிகள் எங்கே வருகின்றன? இங்கே சில சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். செய்திகளில் எல்லாவற்றையும் ‘சைபர் தாக்குதல்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

1. சேவை முடக்கம்: ஒரு தளத்துக்குத் தாங்க முடியாத அளவு போலிக் கோரிக்கைகளை அனுப்பி அடைத்துவிடுவது. உள்ளே எதுவும் களவு போகாது. பேருந்து வாசலில் நூறு பேர் ஏறாமல் நின்றுகொண்டு மற்றவர்களையும் ஏறவிடாமல் செய்வது போன்றது.

2. கப்ப நிரல்: உள்ளே புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்பது.

3. அழிப்பு நிரல்: கப்பம் கேட்பது போலச் சிலவேளை நடிக்கும். ஆனால் நோக்கம் அழிப்பது மட்டுமே. காசு கொடுத்தாலும் ஒன்றும் திரும்பி வராது.

4. கட்டுப்பாட்டு முறைமையைப் பிடிப்பது: மின்நிலையம், அணை, தொழிற்சாலை ஆகியவற்றின் ஆளிகளைத் தூரத்திலிருந்து இயக்கும் கணினிகளைக் கைப்பற்றுவது. இதில் அடி விழுவது கோப்பில் அல்ல, இரும்பில். ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டல் நிலையத்தில் சுழலிகளைப் பழுதாக்கிய ஸ்டக்ஸ்நெட் 2010இல் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் இது முடியும் என்று உலகம் நம்பியது.

முதலாவது வகையின் ஆரம்ப உதாரணங்களில் ஒன்று நம் போரோடு ஒட்டியது. 1990களின் பிற்பகுதியில் ‘இணையக் கரும்புலிகள்’ என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு கிழமை அனுப்பி அவற்றின் அஞ்சல் பெட்டிகளை அடைத்தார்கள். ஒரு நாட்டின் கணினி முறைமை மீது ஆயுதக் குழுவொன்றின் பெயரால் நடந்த முதலாவது அறியப்பட்ட தாக்குதல் என்று அமெரிக்க உளவு அதிகாரிகள் இதைக் குறிப்பிட்டார்கள். வன்னியில் அப்போது பெரும்பாலான வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. ரோர்ச் பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது.

பத்து வருடத்தில் அந்தத் தாக்குதல் வகை ஒரு நாட்டையே தொட்டது. 2007 ஏப்ரலில் எஸ்தோனியாவின் தலைநகரில் சோவியத் காலத்துச் சிலையொன்றை இடம் மாற்றியதைத் தொடர்ந்து, அந்நாட்டின் வங்கிகளும் பத்திரிகைகளும் அரச தளங்களும் வாரக்கணக்கில் அடைக்கப்பட்டன. அடுத்த வருடம் ஜோர்ஜியாவில் ரஷ்யத் தாங்கிகளும் சேவை முடக்கமும் ஒன்றாகவே வந்தன.

சுட்டி தானாக நகர்ந்த பிற்பகல்

2015 டிசம்பர் 23. மேற்கு உக்ரேனின் இவானோ-பிராங்கிவ்ஸ்க் நகரில் மின்விநியோக நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு அறை. பணியில் இருந்தவர் கையை எடுத்த பிறகும் கணினித் திரையில் சுட்டி நகர்கிறது. அது நேரே ஒரு துணைமின் நிலையத்தின் ஆளிக்குப் போகிறது, சொடுக்குகிறது, உறுதிப்படுத்தவா என்று கணினி கேட்க, ஆம் என்று சொடுக்குகிறது. ஒரு பகுதி இருண்டது. அவர் சுட்டியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார், அசையவில்லை. பிறகு கணினி அவரையே வெளியே தள்ளிவிடுகிறது. திரும்ப நுழையப் பார்த்தால் கடவுச்சொல் மாறியிருக்கிறது. ஒவ்வொரு நிலையமாக அணைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

அன்று மூன்று விநியோக நிறுவனங்கள் அடிபட்டன. 225,000க்கு மேற்பட்ட பாவனையாளருக்கு டிசம்பர்க் குளிரில் மின்சாரம் போனது. தாக்கியவர்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறார்கள். நுழைந்த வழி, ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் வந்த ஒரு சாதாரணக் கோப்பு. போகும்போது கட்டுப்பாட்டு அறையின் அவசர மின்கலத்தையும் நிறுத்திவிட்டார்கள். துணைமின் நிலையத்தோடு பேசும் சிறு கருவிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள். வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியைப் போலி அழைப்புகளால் அடைத்தார்கள். கறண்ட் போய்விட்டது என்று சொல்லவும் யாருக்கும் முடியவில்லை.

ஆனாலும் ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. எப்படி? தொழிலாளர்கள் வாகனத்தில் ஏறி நிலையம் நிலையமாகப் போய், ஆளிகளைக் கையால் போட்டார்கள். அங்கே பழைய கைப்பிடிகள் கழற்றப்படாமல் இருந்தன. எந்தக் கைப்பிடியை எப்போது போடவேண்டும் என்று தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். தன்னியக்கம் கூடிய ஒரு பணக்கார நாட்டில் இதே அடி விழுந்திருந்தால் இருட்டு நீண்டிருக்கும் என்று பின்னர் ஆய்வு செய்தவர்களில் பலர் சொன்னார்கள். என்னைக் கேட்டால், இந்த முழு விஷயத்திலும் இதைவிட முக்கியமான இடம் கிடையாது. நாடு தப்பியது புதிய மென்பொருளால் அல்ல, கழற்றாமல் விட்ட கைப்பிடியால்.

குறி வைத்த இடத்தோடு நிற்பதில்லை

ஷெல்லுக்கு ஒரு வீச்சு எல்லை உண்டு. நிரலுக்கு இல்லை. 2017 யூன் 27 அன்று உக்ரேனில் கணக்குகளையும் வரியையும் கையாளப் பயன்படும் எம்.ஈ.டொக் என்ற மென்பொருளின் புதுப்பித்தலோடு நொட்பெட்யா என்ற அழிப்பு நிரல் சேர்ந்து வந்தது. நம்பி வாங்கும் பாலில் விஷம் கலந்தது போல. உக்ரேனுக்கு வைத்த குறி அன்றே உலகம் முழுவதும் பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் பல துறைமுகங்களில் கொள்கலன்களை எங்கே வைப்பது, எதை இறக்குவது என்று தெரியாமல் நின்றது. மொத்த இழப்பை வெள்ளை மாளிகை 10 பில்லியன் டொலருக்கு மேல் என்று கணித்தது.

மேர்ஸ்க் மீண்டது எப்படி என்பது வன்னிக்காரருக்கு நன்றாக விளங்கும். அதன் கணினி வலை முழுவதற்கும் பெயர்ப்பட்டியல் மாதிரி இருக்கும் மையக் கணினிகளின் பிரதிகள் எல்லா நாட்டிலும் அழிந்துவிட்டன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், நிரல் பரவிய நேரத்தில் அங்கே கறண்ட் இல்லை. அந்தக் கணினி வலையிலிருந்து அறுந்து கிடந்தது. அந்த ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோய்த்தான் முழு நிறுவனத்தையும் திரும்பக் கட்டினார்கள்.

2022 பெப்ரவரி 24 அன்று, ரஷ்யத் தாங்கிகள் எல்லை கடப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் முன்னதாக, உக்ரேனியப் படையும் பாவித்த வயாசாட் செயற்கைக்கோள் இணையத்தின் ஆயிரக்கணக்கான மொடங்கள் அழிக்கப்பட்டன. அதில் அடிபட்டவற்றுள் ஜேர்மனியில் 5,800 காற்றாலைகளின் தூரக் கண்காணிப்பும் ஒன்று. காற்றாடிகள் சுழன்றன; ஆனால் அவற்றோடு பேச முடியவில்லை. போருக்கும் அந்தக் காற்றாலைகளுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒரே செயற்கைக்கோளைப் பாவித்தார்கள், அதுதான் குற்றம். மன்னார் கரையில் நிற்கும் தம்பபவனியின் 30 காற்றாலைகளைக் கடக்கும்போதெல்லாம் இந்த விஷயம் நினைவுக்கு வருகிறது.

இலங்கையில் கப்பமும் குரங்கும்

இலங்கையோடு இப்போது யாரும் போர் செய்யவில்லை. ஆனால் வலை எவ்வளவு மெல்லியது என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டிவிட்டன.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை கப்ப நிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போனது போனதுதான். பிரதி எடுத்து வைக்கவில்லையா என்றால், வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிரதியும் அதே வலையில் தொங்கிக்கொண்டிருந்தது. நிரல் மூலத்தையும் பூட்டியது, பிரதியையும் பூட்டியது. வலைக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி கிடையாது. பாவித்த அஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்படாமல் இழுபட்டிருந்தது. ஒரு கூடையைப் பத்திரப்படுத்த அதை இன்னொரு கூடைக்குள் வைத்து, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது போன்ற ஏற்பாடு.

மற்றது 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்தொகுதியில் பட்டதால் நாடு முழுவதும் இருண்டது. உலகம் சிரித்தது. ஆனால் யோசிக்க வேண்டிய விடயம் அது. ஓர் இடத்தில் ஏற்பட்ட பழுது ஏன் அந்த இடத்தோடு நிற்கவில்லை? பாணந்துறையில் விழுந்த அடியில் முல்லைத்தீவின் மின்விசிறி ஏன் நின்றது? மின்வலையில் உற்பத்தியும் பாவனையும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் திடீரென அறுந்தால் மற்ற நிலையங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே விலகும். ஒன்று விலக மற்றதில் பாரம் ஏறும், அதுவும் விலகும். தாக்க நினைப்பவர் ஒருவருக்கு எந்த இடத்தைத் தொடவேண்டும் என்பதை அந்தக் குரங்கு ஒன்றும் அறியாமலே சொல்லிக் கொடுத்துவிட்டது.

வன்னியில் எது எதில் தொங்குகிறது

1990க்குப் பிறகு போர் முடியும்வரை வன்னியின் உட்பகுதி தேசிய மின்வலைக்கு வெளியே இருந்தது. அந்தத் துன்பத்தை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். ஆனால் இருந்த நிலைமையை உள்ளபடி பார்த்தால், அன்று வன்னியில் கணினியால் அறுக்கக்கூடிய கயிறு ஒன்றுகூட இருக்கவில்லை. இன்று வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் போகும் மின்வழியில்தான் வடக்கின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக்கணக்குக்கு வருகிறது. உர மானியமும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசு போனில் செய்தியாக வந்து இறங்குகிறது.

2022 யூலையில் வந்த எரிபொருள் கியூஆர் முறையை நினைத்துப் பாருங்கள். பரந்தனில் லாண்ட்மாஸ்டரோடு வரிசையில் நின்ற கமக்காரர் ஒருவர் போனை நீட்டுவார், பொடியன் அதை ஸ்கான் செய்வான், அந்தக் கிழமைக்கான அளவு திரையில் தெரியும், பம்ப் ஓடும். பதுக்கலுக்கு நடுவே பங்கீட்டை ஒழுங்குபடுத்திய நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கமக்காரருக்கும் டீசலுக்கும் நடுவில் ஒரு போன், ஒரு கோபுரம், கொழும்பில் எங்கோ ஒரு கணினி, அதற்குக் கறண்ட் என்று நாலு சங்கதி வந்து நின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் சங்கக் கடையில் கூப்பன் அட்டையைக் காட்டி மண்ணெண்ணெய் வாங்கினோம். அன்று எண்ணெய்தான் இல்லாமல் போனது, கூப்பன் ஒருநாளும் ‘சேவையில் இல்லை’ என்று சொன்னதில்லை.

இதற்கு மேல் இப்போது வெளிநாட்டு உதவியும் கணினி வழியாக வருகிறது. 2025 ஏப்ரலில் இந்தியாவோடு கைச்சாத்தான உடன்பாடுகளில் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒன்று, எண்மிய மாற்றம் ஒன்று, இரு நாட்டு மின்வலையை இணைப்பது ஒன்று. எண்மிய அடையாள அட்டைத் திட்டமும் இந்திய மானியத்தில் நடக்கிறது. உதவி வேண்டாம் என்று சொல்ல இந்த நாட்டுக்கு வசதியில்லை, சொல்லவும் தேவையில்லை. வவுனியா ராடரோடு வந்த ஆட்களைப் போல இவற்றோடு என்னென்ன வருகின்றன என்பதுதான் கேள்வி.

கேட்க வேண்டியவை

பிரதேச அபிவிருத்திக் கூட்டங்களில் வீதிக்கும் குளத்துக்கும் கேள்வி கேட்கிறோம். இவற்றையும் கேட்கலாம், கேட்பதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை.

1. பிரதி எங்கே இருக்கிறது? காணிப் பதிவு, பிறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் பிரதி வலையோடு தொடுக்கப்படாத ஓரிடத்தில் இருக்கிறதா? போரில் காணி உறுதி தொலைத்து வருடக்கணக்கில் கச்சேரிக்கு அலைந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. இந்தக் கேள்வியை வேறெந்த மாவட்டத்தையும்விட உரத்துக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

2. சாவி யாரிடம்? உதவியாக வரும் முறைமையைக் கொடுத்தவர் நிறுத்தினால் எத்தனை நாள் ஓடும்? புதுப்பித்தலை யார் அனுப்புகிறார், இங்கே யார் சரிபார்க்கிறார்? உடன்பாட்டின் இந்தப் பக்கம் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

3. கையால் இயக்க முடியுமா? 2025 ஏப்ரலில் நோர்வேயின் பிரெமாங்கர் பகுதியில் ஓர் அணையின் வால்வை ரஷ்யச் சார்பு ஊடுருவிகள் இணையம் வழியாகத் திறந்துவிட்டார்கள். நொடிக்கு 500 லீற்றர் வீதம் நாலு மணித்தியாலம் தண்ணீர் ஓடிய பிறகே கண்டுபிடித்தார்கள். நுழையக் காரணம் பலவீனமான கடவுச்சொல். அங்கே சேதமில்லை. மாரி மழையில் நிரம்பி நிற்கும் ஓர் இரணைமடுக் குளத்தில் யாரும் இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கக்கூடாது. மின்சாரமும் போனும் இல்லாத இரவில் வான்கதவுக்கு யார் போவார், எந்த வழியால் போவார், கையில் எதைக் கொண்டு போவார் என்பது எழுதி, வருடத்துக்கு ஒருமுறை செய்தும் பார்க்கப்பட வேண்டும். மின்சார சபையின் பழைய ஆட்கள் ஓய்வு பெறுமுன் கைப்பிடி போடத் தெரிந்த அடுத்த தலைமுறை வேண்டும்.

4. காகிதத்தை எப்போது எறிவது? கிளினிக் நாளன்று ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருக்கும் அம்மாமாரின் மடியைப் பாருங்கள். பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கொப்பி இருக்கும். எந்த வருடம் சீனி வருத்தம் கண்டது, எந்த மருந்து எத்தனை வேளை, எது ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் டொக்டரின் கையெழுத்தில் அதில் உண்டு. ஆஸ்பத்திரிப் பதிவுகள் கணினிக்குப் போவது நல்லது, போகட்டும். ஆனால் இனிக் கொப்பி தேவையில்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், அதை வாங்கி வைக்காமல் ஏன் என்று கேட்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பூட்டக்கூடிய கப்ப நிரல் எதுவும் பத்தாயிரம் வீடுகளின் சுவாமி அறைத் தட்டில் இருக்கும் பத்தாயிரம் கொப்பிகளைப் பூட்ட முடியாது.